எல்லோருக்கும் வயது பத்தொன்பது

(செவிலியர் கல்லூரி விழா ஒன்றில் ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"வளரிளம் பருவக் கர்ப்பமும் மாறிவரும் சமூகப் பார்வையும்" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பயம்தான். சமூகவியல் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓ.பி. சீட்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தச் சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் வயது என்று ஒரு கட்டம் இருக்கும். நான் பணியில் சேர்ந்த 1980-களில் அந்தக் கட்டத்தில் 16, 17 என்று எழுதியிருப்பது சர்வ சாதாரணம். யாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்ல மாட்டார்கள். பெண்ணை வாய் திறக்க விடாமல் மாமியாரே பதில் சொல்வார். "பதினாறு முடிஞ்சு பதினேழு நடக்குது டாக்டரம்மா. தை மாசம் கண்ணாலம், ஆனியிலேயே முழுகாம ஆயிட்டா." அந்தக் குரலில் இருந்தது பெருமை. கை நிறைய வளையலோடு, தலை கொள்ளாத பூவோடு அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள். பெண் என்றா சொன்னேன்? பள்ளிக்கூடத்துப் பிள்ளை.

நான் ஓய்வு பெற்ற காலத்தில் அந்தக் கட்டத்தில் 16-ஐயும் காணோம், 17-ஐயும் காணோம். எல்லோருக்கும் 19. கழுத்தில் ஈரம் காயாத மஞ்சள் கயிறு, முகத்தில் பருக்கள், பக்கத்தில் இறுகிப்போன முகத்தோடு அம்மா.

"வயசு என்னம்மா?"

"பத்தொன்பது."

"எந்த வருஷம் பொறந்தே?"

அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள். வயதை மனப்பாடம் செய்ய வைத்த அம்மா, பிறந்த வருஷத்தைச் சொல்லிக் கொடுக்க மறந்திருப்பார்.

இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் பதினாறு வயது உடம்பு மாறிவிடவில்லை. அன்றும் இரத்தசோகை, இன்றும் இரத்தசோகை. அந்த வயதில் தாயின் உடம்பே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இரும்புச்சத்துக்கு அவளும் வயிற்றுப் பிள்ளையும் போட்டி போடுகிறார்கள். இடுப்பெலும்பு முழு வளர்ச்சி அடைந்திருக்காது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் வருகிற ஜன்னி, தலைச்சன் பிள்ளையைச் சுமக்கிற மிக இளம் தாயைத் தேடி வருவது அதிகம். குழந்தை எடை குறைந்து பிறக்கும். இதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மாறியது எது என்றால், அன்று ஊர் அந்த வயிற்றுக்குச் சந்தனம் பூசியது. இன்று அதை மறைக்கச் சொல்கிறது. வளைகாப்பு நடந்த இடத்தில் இப்போது வழக்கு நடக்கிறது.

இந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்று கேட்பீர்கள். பாதி நல்லது. அந்தப் பாதியை வாங்க எத்தனை பேர் எவ்வளவு வசவு வாங்கினார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நன்றி மறக்கக் கூடாது.

1860-இல் வெள்ளைக்காரர் எழுதிய தண்டனைச் சட்டத்தில் பெண்ணின் சம்மத வயது பத்து. ஆமாம், பத்து. கல்கத்தாவில் பூல்மணி தாசி என்று பத்துப் பதினோரு வயதுச் சிறுமி. முப்பது வயதைக் கடந்த கணவன். அவன் அவளோடு கூடியதில் இரத்தப்போக்கு நிற்காமல் அவள் செத்துப்போனாள். 1890-இல் வழக்கு நடந்தது. அவளுக்குப் பத்து வயது கடந்துவிட்டதால், மனைவியானதால், அது வன்புணர்ச்சி ஆகவில்லை. கணவனுக்குக் கிடைத்தது ஓராண்டுக் கடுங்காவல். அந்தச் சாவுக்குப் பிறகுதான் 1891-இல் சம்மத வயதைப் பன்னிரண்டாக உயர்த்தினார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு, இதற்கே நாடு கொதித்தது. திலகர் போன்ற தலைவரே எதிர்த்தார். எங்கள் வீட்டுக்குள் அந்நியன் கை வைக்கலாமா என்பது வாதம். பூல்மணியின் மீது கை வைத்தவனைப் பற்றி அவ்வளவு ஆவேசம் எழவில்லை.

நம் பக்கம் வருவோம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பதினாறு வயதுக்குப் பிறகுதான் பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதற்கு முன்பிருந்தே சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கல்யாண வயதை உயர்த்தப் போராடிக்கொண்டிருந்தார். மருத்துவர் அல்லவா, பிரசவ அறையில் பார்த்ததைத்தானே சட்டமன்றத்தில் பேசினார். அந்த ஆண்டே சாரதா சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. 1930 ஏப்ரல் 1 முதல் அமல். நம் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இடையில் கிடைத்த ஆறு மாதத்தில் அவசர அவசரமாகக் குழந்தைகளுக்குக் கல்யாணம் செய்து முடித்தார்கள். நாடு முழுக்க நடந்தது. சட்டம் வருகிறது என்றால் அதற்கு முன்னால் முந்திக்கொள்வது நமக்குப் பழைய பழக்கம்.

என் பாட்டி அப்படி முந்திக்கொள்ளப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தி. பதினைந்தில் என் பெரியப்பாவைப் பெற்றார். "பொம்மைக்குப் பதிலா புள்ளையக் குடுத்தாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பின் பொருள் நான் பிரசவம் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

பாட்டி தெருவிலேயே, பாட்டி வயதிலேயே இன்னொரு பெண். கல்யாணமான ஆறாம் மாதமே கணவன் செத்துவிட்டான். தலையை மழித்து, வெள்ளையைக் கட்டி, கொல்லைப்புற அறையில் வைத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் வயிறு உப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "கெணறு எதுக்கு இருக்கு" என்பார் பாட்டி. அதற்கு மேல் பேச மாட்டார். அந்தப் பெண்களுக்காகத்தான் சகோதரி சுப்புலட்சுமி, தாமே பதினோரு வயதில் தாலி கட்டப்பட்டு உடனே அதை இழந்தவர், சென்னை ஐஸ் ஹவுஸில் இல்லம் நடத்தினார், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அவர் காலத்து ஆட்கள் அவரை எப்படியெல்லாம் ஏசினார்கள் என்பது தனிக்கதை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? இரண்டு பெண்களுக்கும் வயது பதினைந்து. ஒருத்திக்குச் சந்தனம், ஒருத்திக்குக் கிணறு. ஊர் கணக்குப் பார்த்தது வயதை அல்ல, கழுத்தில் இருக்கிற தாலியைத்தான். இன்றும் "சின்ன வயசுல இப்படி ஆயிடுச்சே" என்று பேசுகிறவர்களின் வாயைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். சின்ன வயது உள்ளே இருக்காது. "யாரு காரணம்? என்ன ஜாதி? கட்டிக்குவானா?" இந்த மூன்று கேள்விதான் இருக்கும். கட்டிக்கொள்கிறேன் என்று பையன் சொல்லி, ஜாதியும் ஒத்துப்போய்விட்டால், அதே சின்ன வயது பெரிய வயதாகிவிடும். மறுவாரம் கோயிலில் மாலை மாற்றி, ஓ.பி. சீட்டில் 19 என்று எழுதிக்கொண்டு வருவார்கள்.

சட்டத்தின் கணக்கு அப்படி இல்லை. கல்யாண வயது 1949-இல் 15 ஆகி, 1978-இல் 18 ஆனது. 2006-இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். 2012 நவம்பர் 14 முதல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். பதினெட்டுக்குக் கீழ் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2017-இல் உச்ச நீதிமன்றம், தாலி கட்டிய கணவனே ஆனாலும் பதினெட்டுக்குக் கீழ் என்றால் குற்றம்தான் என்று தீர்ப்பளித்தது. பூல்மணிக்கு 127 ஆண்டு கழித்துக் கிடைத்த நீதி என்று அன்று நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். பொய் சொல்லவில்லை, வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் அந்தப் போக்சோ சட்டத்தின் உள்ளே இன்னும் இரண்டு மூன்று விஷயங்கள் இருக்கின்றன. குழந்தையிடம் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாத எவருக்கும் ஆறு மாதம் வரை சிறை. டாக்டர், நர்சு, ஆசிரியர், யாருக்கும் விலக்கில்லை. குற்றத்தின் விளைவாகப் பெண் கர்ப்பமானால் அது கடுமையான பிரிவுக்குப் போய்விடும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே இருபது ஆண்டு. குறைக்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை. அதாவது வயிற்றில் இருக்கிற பிள்ளைதான் அப்பனுக்கு எதிரான சாட்சி. பிறந்ததும் டி.என்.ஏ. எடுப்பார்கள்.

தவறாக நினைக்காதீர்கள். இந்தச் சட்டம் வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வயிற்றுவலி என்று கூட்டிவந்து, ஸ்கேனில் ஆறு மாதம் என்று தெரிந்து, விசாரித்தால் வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஆள். அப்படிப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் விஷயத்தில் ஊர் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் பார்த்திருக்கிறேன். அவனுக்கு இருபது ஆண்டு போதாது. ஆனால் பதினேழரை வயதுப் பெண்ணும், பஞ்சாலை வேலைக்கு அதே வேனில் வந்த பத்தொன்பது வயதுப் பையனும் அதே பிரிவில், அதே கூண்டில். இந்த வேறுபாட்டைச் சென்னை உயர் நீதிமன்றமே பேசியிருக்கிறது. 2019-இல் நீதிபதி வி. பார்த்திபன், பதினாறுக்கு மேற்பட்டவர்களின் சம்மத உறவை வேறாகப் பார்க்கச் சட்டத்தைத் திருத்தலாம் என்றார். 2021-இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அப்படி ஒரு வழக்கையே ரத்து செய்தார். சட்டம் இன்னும் திருந்தவில்லை.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். போக்சோ வந்து ஓரிரு ஆண்டு இருக்கும். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். மாலை ஓ.பி. முடிகிற நேரம். அம்மாவும் மகளும். நாள் தள்ளிப்போய் நாலு மாதம். "பத்தொன்பது" என்றாள். நான் விடவில்லை. ஆதார் கேட்டேன், பள்ளிக்கூடம் கேட்டேன். பதினாறு என்று வந்தது. எனக்குப் புதுச் சட்டத்தின் பயம். இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன்னால், வயிற்றில் கை வைப்பதற்கு முன்னால், "இதை நான் போலீசுக்குச் சொல்லியாகணும்மா, சொல்லாட்டி எனக்கு ஜெயிலு" என்றேன். அந்த அம்மா அழவில்லை, கெஞ்சவில்லை. "சரிங்க டாக்டர், இவங்கப்பாவுக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடறோம்" என்று மகளைக் கையைப் பிடித்து எழுப்பினார். மேசை மேல் ஓ.பி. சீட்டு கிடந்தது. ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. சீட்டில் இருந்த முகவரியில் அப்படி ஒரு தெருவே இல்லை.

அந்தப் பிள்ளை எங்கே போயிருப்பாள்? மருந்துக்கடையில் மாத்திரை வாங்கியிருக்கலாம். நாலாவது மாதத்தில் அந்த மாத்திரை என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். யாராவது ஒரு பாட்டியிடம் போயிருக்கலாம். வெளியூர் அத்தை வீட்டில் பெற்று, பிள்ளையை எங்கேயாவது கொடுத்திருக்கலாம். பிழைத்தாளா என்பது எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. சட்டப்படி நான் செய்தது சரி. மருத்துவப்படி, நான் அவளைத் தொடவே இல்லை.

புள்ளிவிவரம் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஏற்கெனவே தாயானவர்கள் அல்லது கர்ப்பமாக இருப்பவர்கள், இந்திய அளவில் 2005-06-இல் 16 சதவீதம், 2015-16-இல் 7.9, 2019-21-இல் 6.8. நன்றாகக் குறைந்திருக்கிறது. பெண் பிள்ளைகள் படித்ததுதான் பெரிய காரணம். தமிழ்நாட்டிலோ 2015-16-க்கும் 2019-21-க்கும் நடுவே 5.0-லிருந்து 6.3 ஆகக் கூடியிருக்கிறது. ஆனால் பதினெட்டுக்குள் கல்யாணமானவர்கள் விகிதம் இதே காலத்தில் 16.3-லிருந்து 12.8 ஆகக் குறைந்திருக்கிறது! கல்யாணம் குறைகிறது, கர்ப்பம் கூடுகிறது. இது எப்படி? பதினெட்டு, பத்தொன்பதில் முறையாகக் கல்யாணமான பெண்களும் இந்தக் கணக்கில் உண்டு என்பதை மறக்கக் கூடாது. என் ஊகம் வேறொன்றும் உண்டு: கணக்கெடுக்க வருகிறவரிடம் கல்யாணத் தேதியை மாற்றிச் சொல்லலாம், வயிற்றை மாற்றிச் சொல்ல முடியாது.

ஏன் எல்லோருக்கும் 19, ஏன் 18 இல்லை என்று யாராவது யோசித்தீர்களா? மகப்பேறு நிதியுதவித் திட்டம். 18,000 ரூபாய் மதிப்பு. முதல் இரண்டு பிரசவத்துக்கு, தாய்க்குப் பத்தொன்பது வயது முடிந்திருக்க வேண்டும். அந்தத் திட்டம் யார் பெயரில் இருக்கிறது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில். சீக்கிரம் கல்யாணம் செய்யாதே என்று ஊக்குவிக்கத்தான் அந்த விதி, எண்ணம் நல்லதுதான். ஆனால் யாருக்கு அதில் தருகிற சத்துணவுப் பெட்டகம் மிக மிகத் தேவையோ, அந்த இரத்தசோகைப் பிள்ளைக்கு அது கிடையாது. பதினாறு வயதுக்காரி, கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவான பிக்மியில் பதிய வேண்டும் என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் உண்மை வயதைச் சொல்ல வேண்டும். சொன்னால் போலீசு. சொல்லாவிட்டால் பிக்மி எண் இல்லை. அந்த எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டும். பொய் சொன்னால் மூன்றும் தீர்ந்தது. அந்தப் பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரிகள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடம்? கர்ப்பமான பிள்ளையை வெளியே அனுப்பு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. யாரும் அனுப்பவும் மாட்டார்கள். "மத்த பிள்ளைங்க கெட்டுப்போயிடுங்க, டி.சி. வாங்கிக்குங்களேன்" என்று ஆசிரியை மிக மரியாதையாகச் சொல்வார். பிறகு பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இல்லாமல், வேலை இல்லாமல், கைப்பிள்ளையோடு ஒரு பதினேழு வயதுப் பெண். பல வீடுகளில் பாட்டியே அந்தப் பிள்ளையைத் தன் கடைக்குட்டி என்று சொல்லி வளர்ப்பார். பெற்றவளை அக்கா என்று கூப்பிடச் சொல்வார்கள். குடும்ப மானத்துக்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த தைலம் அது.

பையனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பதினெட்டுக்குக் கீழ் என்றால் கூர்நோக்கு இல்லம், மேலே என்றால் ஜெயில். சேலத்துக்கோ திருப்பூருக்கோ ஓடிப்போனவனும் உண்டு. பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரி வாசலில் ஆரஞ்சுப் பையோடு நின்றவனையும் நான் பார்த்திருக்கிறேன். உள்ளே விட எனக்குத் தைரியம் வரவில்லை.

மேற்கு வங்கத்தில் ஒரு வழக்கு. பதினாலு வயதுப் பெண், வயதில் பெரியவன் ஒருவனோடு போய்விட்டாள். பெற்றவர்கள் அவளை ஏற்கவில்லை. பிள்ளை பிறந்தது. அவனுக்குத் தண்டனை. பெரியவளான பிறகு அவள், அவனை விடுவிக்கக் கடன்பட்டு வழக்கு நடத்தினாள். உச்ச நீதிமன்றம் 2024-இல் அவன் குற்றவாளி என்றே உறுதி செய்தது. 2025 மே 23-இல், தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவனைச் சிறைக்கு அனுப்பாமல் விட்டது. அவளைப் பாதித்தது அந்தக் குற்றத்தைவிட அதன் பின்னால் வந்த போலீசும் கோர்ட்டும்தான் என்பதை நீதிபதிகள் எழுதினார்கள். சமூகமும் சட்டமும் சொந்தக் குடும்பமும் அவளைக் கைவிட்டன என்று ஒப்புக்கொண்டார்கள். மற்ற வழக்குக்கு இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றும் சொன்னார்கள். அவன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. பதினாலு பதினாலுதான். உனக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் முதல் நாளே யாராவது கேட்டிருக்கலாம் என்கிறேன்.

"வெட்கத்தை எடுத்துட்டா எல்லாப் பொண்ணும் கெட்டுப்போயிடும்" என்று ஒரு பெரியவர் முன்வரிசையில் நினைத்துக்கொண்டிருப்பார். இங்கிலாந்தில் 1999-இல் அரசாங்கமே திட்டம் போட்டது. பள்ளியில் பாலியல் கல்வி, இளையோருக்குத் தனி மருத்துவ சேவை, தாயாகிவிட்ட பெண் படிப்பைத் தொடரக் குழந்தைப் பராமரிப்புச் செலவு. இருபது ஆண்டில் பதினெட்டுக்குக் கீழ் கர்ப்பம் பாதிக்கும் கீழே போயிற்று. அங்கே வெட்கத்தைக் கூட்டிக் குறைக்கவில்லை ஐயா.

இனி மாணவிகளுக்கு மட்டும். இரண்டு செய்தி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: கருக்கலைப்புக்கு வருகிற பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தகவல் சொல்லும்போது அவள் பெயர், அடையாளத்தை டாக்டர் வெளியிடத் தேவையில்லை. நான் பேசிப் பார்த்த செவிலியர் பலருக்கு இது தெரியவில்லை. இரண்டாவது, 2020-ஆம் ஆண்டுப் போக்சோ விதிகள்: அவசரச் சிகிச்சை வேண்டி வருகிற குழந்தைக்கு, போலீஸ் கடிதம் கொண்டுவா, வேறு காகிதம் கொண்டுவா என்று எந்த ஆஸ்பத்திரியும் கேட்கக் கூடாது. சிகிச்சை முதலில், காகிதம் பிறகு. இதுவும் சட்டம்தான்.

அவள் வருவாள். உங்கள் முதல் மாத இரவுப் பணியிலேயே வரலாம். "பத்தொன்பது" என்பாள். சீட்டில் அதை எழுதாதீர்கள், உடனே மறுக்கவும் செய்யாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் பாருங்கள், ஹீமோகுளோபின் பாருங்கள், குழந்தையின் இதயத்துடிப்பை அவள் காதில் விழும்படி வையுங்கள். சாப்பிட்டாளா என்று கேளுங்கள். அம்மாவை ஐந்து நிமிடம் வெளியே நிற்கச் சொல்லி, அவளிடம் தனியாக, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு சட்டம் கேட்பதைச் செய்யுங்கள், 1098-க்குப் பேசுங்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தே பேசுங்கள், என்ன நடக்கப் போகிறது என்பதை அவளுக்குச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

போன் செய்துவிட்டு வருகிறோம் என்று யாராவது எழுந்தால், உங்கள் போனைக் கொடுங்கள்.